தேன் உறைந்தால் போலியா?

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் செங்கத்தைக் கடந்திருக்கிறீர்களா? சங்க காலத்தில் நன்னன் ஆண்ட செங்கண்மா இதுதான். பக்கத்திலேயே ஜவ்வாது மலை. மலைத் தேனுக்கு அங்கே நல்ல பெயர். ஆசையாக ஒரு பாட்டில் வாங்கி வந்து அலமாரியில் வைக்கிறீர்கள். மார்கழிக் குளிரில் ஒரு நாள் பார்த்தால், அடியில் வெள்ளையாக ரவைபோல் படிந்திருக்கிறது! "சர்க்கரைப் பாகை ஊற்றி ஏமாற்றிவிட்டான்" என்கிறார் மாமியார். பாட்டில் குப்பைக்குப் போகிறது.

கொஞ்சம் பொறுங்கள், அம்மணி! மலையில் அலைந்து தேன் எடுத்தவர்மீது பழி போடுமுன் ஒரு விஷயம்.

100 கிராம் தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். அதுவரை அது தெவிட்டாத கரைசல். இனி ஒரு கல்லும் ஏற்காது என்ற நிலையில் தெவிட்டிய கரைசல். கல்யாணப் பந்தியில் நான்காவது ஜாங்கிரியை மறுத்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்கவே வேண்டாம்! சர்க்கரையோ 200 கிராம் வரை கரையும். சுட வைத்தால் இன்னும் அதிகம். அப்படிக் காய்ச்சிய பாகு ஆறும்போது, தாங்கும் அளவுக்கு மேலும் சர்க்கரையைச் சுமந்துகொண்டு சும்மா இருக்கும். இது அதிதெவிட்டிய கரைசல். ஒரு துளி சர்க்கரை விழுந்தால் போதும், பூத்துவிடும். ஜீராவில் எலுமிச்சம்பழம் பிழிவது இதைத் தடுக்கத்தான்.

தேனும் இந்த ஜாதிதான். தேனீக்கள் சிறகால் விசிறி நீரை வற்றடிக்கின்றன. 100 கிராம் தேனில் சுமார் 18 கிராம் நீர், 30 கிராம் குளுக்கோஸ். அவ்வளவு நீரில் தனியாகக் கரைத்தால் அதில் பாதி குளுக்கோஸ்தான் கரையும். மிச்சம் என்ன செய்யும்? குளிர் வந்ததும் மணி மணியாகப் பிரிந்துவிடுகிறது. பிரக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரை எளிதில் உறையாது. அது மிகுந்த தேன் வருஷக்கணக்கில் தெளிவாகவே இருக்கும்.

ஆகவே உறைந்த தேன் போலி என்பது தப்பு. அதற்காக, உறைந்ததெல்லாம் அசல் என்றும் நம்பிவிடாதீர்கள்! கலப்படப் பாகும் உறையும். அதைக் கண்டுபிடிக்கச் சோதனைச்சாலைதான் வேண்டும்.

உறைந்த தேனை இளக்க, கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள். அடுப்பில் கொதிக்க வைத்தால் மணம் போய்விடும். ஈரக் கரண்டி மட்டும் கூடாது. மணிகள் பிரிந்த தேனின் மேல்பகுதி ஏற்கெனவே நீர்த்திருக்கும். இன்னும் நீர் சேர்ந்தால் புளித்துவிடும்.