ஏழு கிராம் நோயாளி

முதல் தடவை எடை போட்டபோது பட்டாணி ஏழு கிராம் இருந்தது. ஒரு பவுன் தங்கமே எட்டு கிராம். அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குறைமாதக் குழந்தைகளை இந்தக் கையில் ஏந்தியிருக்கிறேன். ஆனால், மூச்சு விட்டால் பறந்துவிடுமோ என்று பயந்தது இந்த நோயாளியிடம்தான்.

பட்டாணி ஒரு பல்லி. நியூஜெர்சியில் மகள் வீட்டில், எட்டு வயதுப் பேத்தியின் பிறந்தநாளுக்கு வாங்கியது. லெப்பர்ட் கெக்கோ என்கிறார்கள். மஞ்சள் உடம்பு, குட்டியில் கறுப்புப் பட்டைகள், வளர வளர அதுவே புள்ளிகளாக உடையும். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இது தூரத்துச் சொந்தம்தான். விரல்களில் ஒட்டும் அமைப்பு கிடையாது, அதனால் கண்ணாடியில் ஏறாது. கண்ணுக்கு இமை உண்டு, மூடித் தூங்கும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியப் பக்கத்து வறண்ட பாறை நிலம்தான் பூர்வீகம். அந்தக் காலத்தில் கல்கத்தா ஆசியாடிக் சொசைட்டி அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளைத் 1854-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டவள் நான். உயிருள்ள பல்லிக்குப் பணிவிடை செய்வேன் என்று எந்தப் பல்லி சாஸ்திரமும் எனக்குச் சொல்லவில்லை.

"அம்மாச்சி, இது சாப்பிடவே மாட்டேங்குது" என்று பேத்தி வந்து நின்றாள். பார்த்தேன். வால் மெலிந்திருந்தது. இந்த இனம் கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கும். தேறிய பல்லிக்கு வால் கழுத்தளவு பருத்திருக்கும். இதற்கோ இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. மகள் அதற்குள் போனில் ஏதோ சத்து மருந்தை ஆர்டர் போடப் போனாள். "மருந்து இருக்கட்டும், முதல்ல வார்டைப் பார்ப்போம்" என்றேன்.

வார்டு என்றால் அதன் கண்ணாடிப் பெட்டி. பல்லிக்கு உடம்புச் சூடு சொந்தமாகக் கிடையாது, வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். தரையில் சூடு இல்லையென்றால் தின்றது செரிக்காது. வயிற்றிலேயே அழுகும், அல்லது கக்கிவிடும், அதன்பின் பசியே எடுக்காது. பெட்டியின் ஒரு பக்கத்துத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் 25 டிகிரியை ஒட்டி. சூடு பிடித்ததும் அது தானே நகர்ந்து குளிர்ந்த பக்கம் போய்க்கொள்ளும். பெட்டியின் சுவரில் ஒட்டியிருந்த முள் வைத்த வெப்பமானி 32 என்று அழகாகக் காட்டியது. ஒயர் வைத்த டிஜிட்டல் வெப்பமானியைத் தரையில், பல்லி படுக்கிற இடத்தில் வைத்தேன். 24. முள் வெப்பமானி காட்டிக்கொண்டிருந்தது மேலே தொங்கிய பல்பின் சூட்டை. பல்லியின் வயிற்றுக்கு அது எட்டவில்லை.

பெட்டிக்கு அடியில் ஒட்டும் ஹீட் மேட் வாங்கி, தெர்மோஸ்டாட்டில் இணைத்தோம். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டை நான் வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன். கட்டுப்பாடில்லாமல் சூடேறி, பல்லியின் வயிறு வெந்துபோகும். அடுத்து, விற்ற கடைக்காரர்கள் கூடவே கொடுத்த மணல். கால்சியம் கலந்த மணல், தின்றாலும் கரைந்துவிடும் என்று பையில் அச்சடித்திருந்தார்கள். ஆனால், இரையைக் கவ்வும்போது மணலும் சேர்ந்து உள்ளே போய்க் குட்டியின் குடலை அடைக்கும். அள்ளிக் கொட்டிவிட்டு கிச்சன் டவல் பேப்பரை விரித்தேன். பார்வைக்கு ஏழைப்பட்ட வார்டுதான். ஆனால், மலம் எங்கே, எந்த நிறத்தில், எப்போது போனது என்பது வெள்ளைக் காகிதத்தில்தான் தெரியும். பழுப்பாக உருண்டு, நுனியில் வெள்ளையாக யூரேட் என்ற சிறுநீர் உப்பு இருந்தால் சரி. தண்ணியாக, நாற்றத்தோடு, தின்ற பூச்சி அப்படியே தெரிய வந்தால் சரியில்லை.

பிறகு சார்ட். வார்டில் டி.பி.ஆர். (சூடு, நாடி, மூச்சு) சார்ட் எழுதிய பழக்கம் போகுமா? நகைக்கடைச் சின்னத் தராசு ஒன்று, வாரம் ஒரு நாள் ஒரே நேரத்தில் எடை, தின்றது என்ன, மலம், தோல் உரித்த தேதி. பல்லி முனகாது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காராது. காட்டில் நோயைக் காட்டிக்கொண்டால் எதிரி தின்றுவிடும் என்பதால் கடைசிவரை மறைக்கிற ஜாதி அது. எடை மட்டும் மறைக்க முடியாது. வளர வேண்டிய குட்டி இரண்டு மூன்று வாரம் ஏறாமல் நின்றாலே கவனிக்க வேண்டும், இறங்கினால் டாக்டரிடம் போக வேண்டும்.

தரை சூடான பின் பட்டாணி இரையைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. இரை என்பது உயிரோடு இருக்கும் சுவர்க்கோழி. பல்லியின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை. தின்றது போக மிச்சமானதைப் பெட்டியில் விடக் கூடாது, தூங்குகிற பல்லியை அது கடிக்கும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: பூச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுக்கும். குட்டியின் எலும்பு ரப்பர் மாதிரி ஆகும், தாடை வளையும், கால் கோணும், விரல் துடிக்கும். நம் குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸின் அக்காள் தங்கை இது. அதனால் டம்ளரில் ஒரு சிட்டிகை கால்சியம் பொடியும் சுவர்க்கோழிகளும் போட்டுக் குலுக்கி, வெள்ளை பூசிய பூச்சியாகத்தான் உள்ளே விடுவோம். பொடியிலுள்ள வைட்டமின் டி3 அதிகமானாலும் கெடுதல் என்பதால் எந்தப் பொடி, எத்தனை நாளுக்கொருமுறை என்பதை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டோம். பூச்சிகளுக்கும் முந்தின நாளே கேரட்டும் கீரையும் போட வேண்டும். பூச்சி தின்றதுதான் பல்லிக்குச் சேரும்.

இரையைக் கண்டதும் பட்டாணி உடம்பை ஆடாமல் வைத்துக்கொண்டு வால் நுனியை மட்டும் விறுவிறுவென்று ஆட்டும். அதைப் பார்க்க வீடே கூடிவிடும். பூச்சி என்றால் அலறுகிற என் மாப்பிள்ளை உட்பட.

ஒரு நாள் அதன் உடம்பு சாம்பல் பூத்தது. தோல் உரிக்கப் போகிறது. குட்டிகள் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும், உரித்ததைத் தானே தின்றுவிடும். மறுநாள் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முன்காலில் ஒரு விரலைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம், நூல் கட்டினது போல. அது காய்ந்து இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரலே விழுந்துவிடும். வெறுங்கையால் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரைக் கால் நனைகிற அளவு மட்டும் ஒரு டப்பாவில் ஊற்றிப் பத்து நிமிஷம் நிற்க வைத்து, ஈரப் பஞ்சுக் குச்சியால் அடியிலிருந்து நுனி பக்கம் மெல்ல உருட்டினேன். மோதிரம் கழல்வது போலக் கழன்று வந்தது. அன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாசல் வெட்டி, ஈரமான பாசியை வைத்துப் பெட்டிக்குள் ஒளிவிடமாக வைத்தோம். பாலைநிலப் பிராணியானாலும் பொந்துக்குள் ஈரம் தேடும்.

இவ்வளவும் செய்தும் எடை மெதுவாகத்தான் ஏறியது. எனவே, அன்று போன மலத்தைச் சின்னப் பையில் எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் போனோம். நாய், பூனை பார்க்கும் எல்லா டாக்டரும் இதைப் பார்ப்பதில்லை. ஊர்வன, நீர்நில வாழ்விகள் பார்க்கும் கால்நடை மருத்துவர்களுக்கு அமெரிக்காவில் தனிச் சங்கமே இருக்கிறது, அதன் பட்டியலில் தேடினால் கிடைப்பார்கள். மைக்ரோஸ்கோப்பில் ஊசிப்புழு முட்டை கொஞ்சம் தெரிந்தது. இந்தப் பல்லிகளில் அது சகஜம். கொஞ்சமாக இருப்பதால் முதலில் எடை தேறட்டும், மறுபடி பார்ப்போம் என்றார் அந்த அம்மா. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று குழந்தைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவள் நான். இங்கே கிலோ என்பது 0.007. ஒரு சொட்டு கூடினாலும் விஷம். புழு மருந்தை வீட்டில் தோராயமாக ஊற்றுகிறவர்களை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அவர் பயந்தது வேறொன்றுக்கு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. நன்றாகச் சூடு இருந்தும், தின்றும், வால் குச்சியாக மெலிந்துகொண்டே போனால் அதைச் சந்தேகிக்க வேண்டும். நம்பத்தக்க மருந்து இல்லை, சாதாரண பிளீச்சுக்கும் சாகாது. மலத்தில் பிசிஆர் பரிசோதனை செய்தார், இல்லையென்று வந்தது. ஒட்டுண்ணி எல்லா நாளும் வெளியேறாது என்பதால் ஒரு தடவை இல்லையென்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை, மறுபடி எடுப்போம் என்றார்.

பரம்பரைக் கோளாறும் பார்க்கச் சொன்னார். அழகான நிறத்துக்காகவே இவற்றை இனவிருத்தி செய்கிறார்கள். எனிக்மா என்ற வகையில் பல பல்லிகள் தலை சாய்ந்து, வட்டமடித்துச் சுற்றும். லெமன் ஃப்ராஸ்ட் என்ற எலுமிச்சை நிற வகையில் பத்தில் எட்டுக்கு மேல் தோலில் கட்டி வருகிறது. அந்த நிறத்துக்கும் கட்டிக்கும் ஒரே மரபணு தொடர்புடையது என்று லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் வெளியிட்டார்கள். கண் பார்த்து மயங்கி, காசையும் கூடுதலாகக் கொடுத்து நோயை வாங்கும் வியாபாரம். பட்டாணி சாதாரண நிறம். நல்லதாகப் போயிற்று.

தாடை தொளதொளவென்று ஆனாலோ, உடம்பு நடுங்கினாலோ, கண் குழிந்தாலோ, தின்றதைக் கக்கினாலோ காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டும். மனிதர்களுக்கான விதி ஒன்றுதான்: தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு. நன்றாக இருக்கும் பல்லியின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ மகளை நான் விடவில்லை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வந்தால் பெட்டி அறைக் கதவு மூடியிருக்கும்.

இப்போது பட்டாணிக்கு வாலில் சதை பிடித்திருக்கிறது. பேத்திக்குப் புதிய யோசனை. "தனியா போரடிக்கும் அம்மாச்சி, இன்னொண்ணு வாங்கிச் சேர்த்து விடலாமா?"

வேண்டவே வேண்டாம். இவை துணை தேடும் பிராணி இல்லை. இரண்டு குட்டியை ஒன்றாக விட்டால் ஒன்று சூடான இடத்தையும் இரையையும் பிடித்துக்கொள்ளும், மற்றது மூலையில் மெலியும். வாலைக் கடித்து அறுத்த கதையும் உண்டு. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வேறு பெட்டி, வேறு இடுக்கி, வேறு கிண்ணம். மூன்று மாதம் தனி அறை, மலப் பரிசோதனை சரியென்று வந்த பிறகுதான் ஒரே அறைக்குள் இரண்டு பெட்டியும். நன்றாக வளர்த்தால் ஒவ்வொன்றும் 15, 20 வருஷம் இருக்கும் என்றும் சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் பூனை வாங்கலாமா என்று அவள் அம்மாவிடம் கேட்கப் போய்விட்டாள்.