இடுப்பில் சொருகும் போன் எத்தனை நாள் தாங்கும்?



சென்ற மாதம் செஞ்சியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், வரவு செலவு வாசித்து முடித்த பிறகு கடன் விண்ணப்பங்களை எடுத்தோம். அதில் மூன்று விண்ணப்பங்கள் டச் போன் வாங்குவதற்கு. "மாட்டுக்குக் கேளு, தையல் மெஷினுக்குக் கேளு. போனுக்கெல்லாமா சங்கத்துல கடன்?" என்று ஒரு மூத்த உறுப்பினர் சத்தம் போட்டார். அப்போது ஒரு குழுவின் ஊக்குநர் ஒன்றும் பேசாமல் தன் போனை எடுத்து எல்லோர் நடுவிலும் வைத்தார். பார்க்கப் புதுசு போல இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஆனால் திரையின் மேல் பாதி தொட்டால் வேலை செய்யவில்லை.

18,000 ரூபாய் போன். குழுவில் உள்கடன் எடுத்து வாங்கினார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 12 தவணை. மாதம் அசல் 1,500. வட்டி குறைந்துகொண்டே வந்து மொத்தம் 1,170. ஏழு தவணை கட்டியாகிவிட்டது. இன்னும் அசல் மட்டும் 7,500 பாக்கி. போன் போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் கொடுத்தபோது, "லேசா வளைஞ்சிருக்கும்மா, வாரண்டி வராது" என்று சொல்லிவிட்டார்களாம். "நான் எங்க வளைச்சேன் மேடம்? கீழகூடப் போடலையே! இடுப்புல சொருகிக்கிட்டு நடவுக்குப் போனேன், அவ்வளவுதான்" என்றார்.

குழுவின் பேங்க் ஓ.டி.பி. வருவது அவர் நம்பருக்குத்தான். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு கைபேசிச் செயலி வழியே கட்டாயம் என்று ஆனபோது, பணித்தளத்தில் போட்டோ எடுத்து ஏற்றியவரும் இவரே. போட்டோ ஏறவில்லை என்றால் மற்றவர்களின் அன்றைய கூலியே கேள்விக்குறி. அப்படி ஊருக்கே வேலை செய்த ஒரு பொருளை வீட்டுச் செல்லப் பொருள் என்று தள்ளிவிட முடியுமா?

அவர் போனை வைத்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "பழைய பட்டன் போன் மாதிரி தடியா இருந்தா இப்படி ஆகுமா?" என்று பெரியவர்கள். "தடியா இருந்தா ஜாக்கெட்ல வைக்க முடியல, துருத்திக்கிட்டு நிக்குது. குனிஞ்சா நழுவிக் கிணத்துல விழுது. மெல்லிசுதான் நமக்கு வசதி" என்று இளையவர்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. அதனால்தான் இந்த மாதம் இதையே எழுதலாம் என்று நினைத்தேன்.

மெல்லிசானால் ஏன் வளைகிறது?

வீட்டில் இருக்கும் ஒரு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மரத்தில், அதே நீள அகலத்தில், பாதித் தடிமனில் இன்னொரு பலகை. இதை வளைக்கப் பாதி பலம் போதும் என்றுதான் நினைப்போம். அப்படி இல்லை. எட்டில் ஒரு பங்கு பலமே போதும்! தடிமன் கொஞ்சம் குறைந்தால் விறைப்பு ரொம்பக் குறைந்துவிடும். 8 மில்லிமீட்டர் தடிமன் உள்ள போனை, மற்றதெல்லாம் அப்படியே வைத்து 6 மில்லிமீட்டர் ஆக்கினால், அதன் விறைப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். போன் நீளமாக இருந்தால் இன்னும் மோசம். நீளக் கழி சுலபமாக வளையும், குட்டைக் கழி வளையாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே.

2003-இல் வந்த நோக்கியா 1100 போனை நிறையப் பேர் வைத்திருந்தோம், தலையில் டார்ச் லைட் எரியுமே, அதுதான். தடிமன் 20 மில்லிமீட்டர். சின்னக் கண்ணாடி, ரப்பர் பட்டன். அது வளைந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இப்போதைய டச் போன் பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் பக்கம்தான். பெரியவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தப் போனில் ஓ.டி.பி. படிக்கலாமே தவிர, போட்டோ எடுத்து ஏற்ற முடியாதே!

பெரிய கம்பெனிக்கும் இதே கதைதான்

2014 செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனி ஐபோன் 6, ஐபோன் 6 பிளஸ் என்று இரண்டு போன்களை விட்டது. பிளஸ் போனின் தடிமன் 7.1 மில்லிமீட்டர், உடம்பு அலுமினியம். பேண்ட் பையில் வைத்து உட்கார்ந்தவர்களின் போன் வளைந்துபோனது என்று சில நாளிலேயே உலகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஒன்பது பேர்தான் எங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்றது கம்பெனி.

அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்று ஒரு நுகர்வோர் அமைப்பு உண்டு. அவர்கள் போன்களை மெஷினில் வைத்து நடுவில் அழுத்திப் பார்த்தார்கள். ஐபோன் 6 சுமார் 32 கிலோ பாரத்தில் வளைந்தது. பிளஸ் 41 கிலோவில் வளைந்தது. பிளாஸ்டிக் உடம்பும் 8.3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள சாம்சங் நோட் 3 ஏறக்குறைய 68 கிலோ வரை தாங்கியது. பேசிக்கொள்கிற அளவுக்கு எந்தப் போனும் மோசமில்லை என்றுதான் அவர்களும் சொன்னார்கள். ஆனால் 2018-இல் ஒரு வழக்கில் ஆப்பிள் கம்பெனியின் உள்தாள்கள் வெளியே வந்தன. முந்தைய ஐபோன் 5எஸ்-ஐ விட ஐபோன் 6 வளையும் வாய்ப்பு 3.3 மடங்கு, பிளஸ் வளையும் வாய்ப்பு 7.2 மடங்கு என்று விற்பனைக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! ஒன்பது பேர் கணக்கை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம்தான் வருகிறது. நம்ம ஊரில் ரேஷன் அரிசி சரியில்லை என்று போனால், "நீ ஒருத்திதான் சொல்ற" என்பார்களே, அதே பேச்சு.

நம் ஊக்குநரின் போனில் கீறல் இல்லாமல் திரை மட்டும் ஏன் போனது? அதற்கும் இதே பிளஸ் போனில் பதில் இருக்கிறது. 2016 வாக்கில் நிறைய பிளஸ் போன்களில் தொட்டால் வேலை செய்யாமல் போனது. திரையின் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஓடும். போனுக்குள் மதர் போர்டு என்று ஒரு பலகை உண்டு. அதன்மேல் அரிசிமணியை விடச் சிறிய ஈயப் பற்று வைத்துச் சிப்புகளை ஒட்டியிருப்பார்கள். போன் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, அந்தப் பற்று விட்டுவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஆண்டு நவம்பரில் ஆப்பிள், பலமுறை கீழே விழுந்து அதன்பின் அழுத்தமும் பட்டதால் வருவது என்று காரணம் சொல்லி, குறைந்த கட்டணத்தில் சரிசெய்து தருவதாக அறிவித்தது.

ஆகவே ஒரே நாளில் மடங்கி உடைவதை விட, தினம் ஒரு துளி வளைவதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு ஆபத்து. நடவு, களை எடுப்பு, பாத்திரம் தேய்ப்பது, சாணி வாருவது என்று ஒரு நாளில் எத்தனை முறை குனிகிறோம்? இடுப்பில் சொருகிய போன் ஒவ்வொரு முறையும் வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் மாட்டுகிறது. நாம் 32 கிலோ பாரம் போடுவதில்லை. ஆனால் ஒரு நாளும் விடுவதில்லையே.

அப்போ மெல்லிசு எல்லாமே மட்டமா?

அதுவும் கிடையாது. 2025 மே மாதம் சாம்சங் 5.8 மில்லிமீட்டரில் ஒரு போன் விட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் 5.6 மில்லிமீட்டரில் ஐபோன் ஏர் விட்டது. இரண்டுக்கும் சட்டம் டைட்டானியம் உலோகம். ஏர் போனைக் கையால் அழுத்தி வளைத்துப் பார்த்தவர்கள், விட்டதும் நிமிர்ந்துகொண்டது என்கிறார்கள். உலோகம் நல்லதாக இருந்தால் மெல்லிசும் தாங்கும். நம்ம பகுதியிலிருந்தும் பெண்கள் வேலைக்குப் போகிற ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாராகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் விலையைப் பாருங்கள். வந்தபோது சாம்சங் 1,09,999 ரூபாய், ஏர் 1,19,900 ரூபாய். ஒரு கறவை மாடும் கன்றும் வாங்கி மிச்சம் வைக்கலாம். நம் கைக்கு எட்டும் விலையில் வருகிற போனில் சட்டம் பெரும்பாலும் பிளாஸ்டிக். தடிமனைக் குறைத்தால் அதை ஈடுகட்ட டைட்டானியம் போடமாட்டார்கள்.

இன்னொன்று பேட்டரி. டப்பாவில் எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும் எண் அதன் கொள்ளளவு. மெல்லிசில் இடம் கிடையாது, அதனால் ஏர் போனில் 3,149 மட்டுமே. பதினைந்தாயிரத்துக்கு உள்ளேயே 5,000 போட்ட போன் கிடைக்கிறது. காலையில் வயலுக்குப் போய்ச் சாயங்காலம் வருகிறவர்களுக்கு எது உதவும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வியர்வை, மணல், வெயில்

ஜாக்கெட்டுக்குள் வைப்பதில் வளைவு குறைவு, வியர்வை அதிகம். ஐ.பி. 68 என்று போட்டிருந்தால் தண்ணீர் புகாது என்று கடைக்காரர் சொல்வார். அந்தச் சோதனை சுத்தமான தண்ணீரில், புதுப் போனில் செய்வது. வியர்வை உப்புத்தண்ணீர். மேலும் போன் வளைந்தாலோ, ஒருமுறை திறந்து ரிப்பேர் பார்த்தாலோ ஓரத்தில் உள்ள பசை விட்டுவிடும். தண்ணீர் புகுந்தால் பெரும்பாலும் வாரண்டியும் கிடையாது. ஜாக்கெட்டில் வைத்தே ஆகவேண்டும் என்றால் சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

சுருக்குப் பையில் சில்லறையோடு போட்டால் கீறிவிடும் என்று பயப்படுகிறோம். காசு கண்ணாடியைக் கீறுவது அபூர்வம், கீறுவது மணல். நம்ம ராஜகிரி, கிருஷ்ணகிரி மலையெல்லாம் கருங்கல். அந்தக் கல் உதிர்ந்த மணலில் இருக்கும் வெண்கல் பொடி, போன் கண்ணாடியை விடக் கெட்டி. பையை வாரம் ஒருமுறை உதறுங்கள். டெம்பர் கிளாஸ் ஒட்டுங்கள்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்பிள் தன் போன்களை 35 டிகிரி வெப்பம் வரைதான் பயன்படுத்தச் சொல்கிறது. கத்திரி வெயிலில் வரப்பில் போனை வைக்காதீர்கள், சும்மாட்டுத் துணிக்கு அடியில் நிழலில் வையுங்கள். முதுகு உப்பிய போனை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். 2016-இல் சாம்சங் நோட் 7 போன்கள் தீப்பிடித்து உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்களே, அதில் ஒரு காரணம் பேட்டரியின் மூலைக்குப் போதுமான இடம் விடாததுதான். வளைந்த போனிலும் பேட்டரி நசுங்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. தடிமன் 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். கெட்டியான பேக் கவரை அன்றைக்கே போடுங்கள். டிஸ்பிளே மாற்ற எவ்வளவு ஆகும், செஞ்சியிலேயே கிடைக்குமா, திண்டிவனம் போகணுமா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். மாதம் ஒருமுறை கவரைக் கழற்றி, சமமான கடப்பைக் கல்லின் மேல் திரை கீழே இருக்கும்படி போனை வைத்து, மூலையில் விரலால் தட்டிப் பாருங்கள். ஆடினால் வளைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உடனே போட்டோ, நம்பர் எல்லாவற்றையும் வேறு இடத்தில் ஏற்றி வைத்துவிடுங்கள்.

எங்கே வைப்பது என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருக்கிறது. போன் செய்கிறவர்கள் சட்டைப் பையையும் பேண்ட் பையையும் மனதில் வைத்துச் செய்கிறார்கள். புடவை கட்டுகிற நமக்கு எது பை? நம் பாட்டிமார்கள் உள்பாவாடையில் பை வைத்துத் தைத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் இதைச் சொன்னதும் தையல் பயிற்சி முடித்த ஒரு உறுப்பினர் அடுத்த வாரமே ஒன்று தைத்துக்கொண்டு வந்தார். பை முன்பக்கம் இருந்ததால் குனிந்தபோது அழுத்தியது. பிரித்து, பக்கவாட்டில், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வைத்துத் தைத்தார். போன் பதினாறரை சென்டிமீட்டர் நீளம் இருப்பதால் பையின் ஆழம் 19, அகலம் 11, வாயில் ஒரு பட்டன். ஊக்குநர் அதைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் களை எடுத்துப் பார்த்தார். உட்காரும்போது மட்டும் பையைக் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். அளவு வேண்டுபவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் போனையும் ஒரு பாவாடையையும் கொண்டு வாருங்கள். மூன்று கடன் விண்ணப்பங்களில் இரண்டைத் தீர்மான நோட்டில் எழுதிவிட்டோம், மூன்றாமவர் கடையில் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று திரும்ப வாங்கிக்கொண்டார்.