பாவாடையில் பறந்த வண்ணத்துப்பூச்சி!

மேடையில் ஒரே ஒரு பெண். ரசிகர்கள் கண்டதோ ஓராயிரம் உருவங்கள்!

1891-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரு நாடகம் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் ஒருவர், இளம் விதவை ஒருத்தியை மயக்கத்தில் ஆழ்த்துகிறார். "ஹிப்னாடிசம்" என்கிறார்களே, அந்த மயக்கம்! விதவையாக நடித்தவர், தூக்கத்தில் நடப்பவரைப் போல மேடைக்கு வந்தார். லேசான பச்சை வெளிச்சம் அவர் மீது விழுந்தது.

அவர் உடுத்தியிருந்தது மெல்லிய வெள்ளைப் பட்டுப் பாவாடை. அவருடைய உயரத்துக்கு அது மிகவும் நீளம். நடந்தால் காலைத் தடுக்கும். எனவே, இரண்டு கைகளாலும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடினார்.

பட்டு விரிந்தது. காற்றில் மிதந்தது. பச்சை வெளிச்சம் அதில் பட்டு மினுமினுத்தது.

கூட்டத்தில் இருந்து ஒரு குரல் கிளம்பியது. வண்ணத்துப்பூச்சி என்று யாரோ கூவினார்கள்! அவர் சுழன்றார். உடனே இன்னொரு குரல். அந்தக் குரல், பூ என்றது!

நடிகைக்கு ஒரே ஆச்சரியம். அவர் வண்ணத்துப்பூச்சியாகவும் ஆடவில்லை, பூவாகவும் ஆடவில்லை. தடுக்கி விழாமல் இருப்பதற்காகக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான்!

ஆனால், அந்தக் குரல்கள் அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டன. பிறகு அவர் தன்னந்தனியாக மேடையில் நின்றார். விளக்கு, படம், கண்ணாடி எல்லாவற்றையும் நாட்டியத்தோடு சேர்த்தார். உலகமே வியந்தது.

அவர் பெயர் லோயி புல்லர்.

நாட்டியம் படிக்காதவர்

லோயி 1862-ல் பிறந்தார். ஊர், சிகாகோ நகருக்கு அருகே இருந்த புல்லர்ஸ்பர்க். சிறு வயதிலேயே மேடை ஏறிவிட்டார். நாடகத்தில் நடித்தார், பாடினார். ஆனால், நாட்டியத்தை முறையாகப் படித்தவர் அல்ல. பார்ப்பதற்கும் நாட்டியக்காரி போல இருக்க மாட்டார். சற்றுப் பருத்த உடம்பு.

கொட்டகையில் குரல் எழுந்த அந்தக் கதையை, தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பட்டு இந்தியாவில் இருந்து வந்தது என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே, நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு சிறு பங்கு உண்டு!

அதன் பிறகு லோயி சும்மா இருக்கவில்லை. அதே பாவாடையை உடுத்திக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றார். கையை இப்படி வீசினால் என்ன உருவம் வருகிறது? அப்படிச் சுழற்றினால் என்ன வருகிறது? திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். ஜன்னல் வழியே வந்த வெயில், பட்டைப் பொன் நிறமாக்கியது.

அவருக்கு ஓர் உண்மை புரிந்தது. துணி மட்டும் போதாது. துணியும் வெளிச்சமும் சேர வேண்டும். அப்போதுதான் உருவம் பிறக்கும்!

1892-ல் நியூயார்க் நகரில் அந்த நாட்டியத்தை ஆடிக் காட்டினார். துணி, பாம்பு போல நெளிந்தது. எனவே, "பாம்பு நடனம்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஜனங்கள் திரண்டு வந்தார்கள்.

"கதை எங்கே?"

புகழ் வந்தது. கூடவே தொல்லையும் வந்தது.

லோயி அந்த மேடையை விட்டு வேறு மேடைக்குப் போனார். அவர் போனதும், அதே நாட்டியத்தை வேறு ஒரு பெண் ஆடத் தொடங்கினாள். லோயி கோர்ட்டுக்குப் போனார்.

புத்தகம் எழுதியவருக்கு அந்தப் புத்தகம் சொந்தம். மற்றவர்கள் அதைத் திருடி அச்சடிக்க முடியாது. அதற்குப் பதிப்புரிமை என்று பெயர். அதைப்போல, நான் கண்டுபிடித்த நாட்டியம் எனக்குச் சொந்தம் என்பது லோயியின் வாதம். நாட்டியம் எப்படி நடக்கும் என்பதை எழுதி, பதிப்புரிமை அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்தும் இருந்தார்.

1892 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. லோயி தோற்றுப்போனார்!

நீதிபதி சொன்ன காரணம் இதுதான்: நாடகமாக இருந்தால் சட்டம் பாதுகாக்கும். நாடகம் என்றால் அதில் கதை வேண்டும், பாத்திரம் வேண்டும், உணர்ச்சி வேண்டும். இந்த நாட்டியத்தில் அவை எதுவும் இல்லை. ஒரு பெண் அழகாக அசைகிறாள். துணி அசைகிறது. வெளிச்சம் விழுகிறது. இதை எப்படி நாடகம் என்று சொல்வது?

நீதிபதி சொன்னதைத் தள்ளிவிடவும் முடியாது. பாவாடையை வீசி ஆடும் நாட்டியம் அதற்கு முன்பே உண்டு. இனி யாரும் பாவாடையைச் சுழற்றக்கூடாது என்று, ஊரில் உள்ள எல்லாப் பெண்களையும் தடுக்க முடியுமா?

ஆனால், ஒரு விஷயம் தீர்ப்பில் விட்டுப்போயிற்று. மேடையில் கதை இல்லைதான். கொட்டகையில் இருந்தது! வண்ணத்துப்பூச்சி என்று கூவியவர் மனதில் ஒரு கதை. பூ என்று கூவியவர் மனதில் இன்னொரு கதை. லோயி பாதி ஆடினார். மீதியை, பார்த்தவர்கள் தங்கள் கண்ணாலேயே ஆடி முடித்தார்கள்!

பாரிசில் காத்திருந்த அதிர்ச்சி

மனம் நொந்த லோயி, ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். 1892 அக்டோபரில் பாரிஸ் நகரம் போய்ச் சேர்ந்தார். போலி பெர்ஜேர் என்பது அங்கே புகழ் பெற்ற கேளிக்கை அரங்கம். அங்கே வேலை கேட்கப் போனார்.

வாசலில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. "பாம்பு நடனம்!" ஆடுகிறவள் வேறு ஒரு பெண்!

வேறு யாராக இருந்தாலும் அழுதுகொண்டே திரும்பியிருப்பார்கள். லோயி திரும்பவில்லை. அரங்கத்தின் நிர்வாகியைப் பார்த்தார். எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டு, ஆடிக் காட்டினார். நிர்வாகி அசந்துபோனார். அப்போதே லோயியை ஒப்பந்தம் செய்துவிட்டார்.

ஆனாலும் ஒரு சிக்கல். மற்ற பெண்ணின் பெயரில் விளம்பரம் போய்விட்டதே! எனவே, முதல் நாட்களில் அந்தப் பெண்ணின் பெயரிலேயே லோயி ஆடினாராம். தம்மைப் பார்த்து ஆடியவளின் பெயரில், தாமே ஆட வேண்டி வந்தது!

நவம்பர் மாதம், சொந்தப் பெயரில் மேடை ஏறினார். அன்றுமுதல் பாரிஸ் அவர் காலடியில் கிடந்தது. ஓவியர்கள் அவரை வரைந்தார்கள். சிற்பிகள் சிலை செய்தார்கள். துலூஸ்-லோத்ரெக் என்ற பெரிய ஓவியர், 1893-ல் அவரைப் படமாக அச்சிட்டார். அதில் லோயியின் முகம் சரியாகத் தெரியாது. மேகம் போன்ற துணிதான் தெரியும்!

மேடையின் ரகசியம்

இவ்வளவு ஜாலமும் எப்படி நடந்தது?

முதலில், கொட்டகையை இருட்டாக்கினார். மேடையைக் கறுப்புத் துணியால் மூடினார். இருட்டில் வெள்ளைப் பட்டு மட்டும் பளிச்சென்று தெரியும்.

அடுத்து, பாவாடைக்குள் இரண்டு லேசான கழிகளை வைத்துத் தைத்தார். கையில் கழியைப் பிடித்துக்கொண்டு வீசினால், கை எட்டாத உயரத்துக்கும் துணி எழும்பும். வெகு நேரம் வீசினால் தோளும் முதுகும் விட்டுப்போகும். பார்ப்பவர்களுக்கோ இறகு பறப்பதுபோல இருக்கும்!

பக்கங்களில் மின்சார விளக்குகள். ஒவ்வொரு விளக்கின் முன்னாலும் வண்ணக் கண்ணாடி பதித்த ஒரு வட்டத் தட்டு. தட்டைச் சுழற்றினால் துணியின் நிறம் மாறும். வெள்ளை சிவப்பாகும், சிவப்பு நீலமாகும்.

கண்ணாடித் துண்டில் படம் தீட்டி, விளக்கின் வழியாகத் துணியின் மீதே அந்தப் படத்தை விழச் செய்தார். சினிமா பிறப்பதற்கு முன்பே, ஆடுகிற பெண்ணின் பாவாடை அவருக்குத் திரை ஆகிவிட்டது!

மேடையின் தரையில் கண்ணாடி பதித்து, கீழே இருந்தும் விளக்குப் போட்டார். 1895-ல் ஆடிய "நெருப்பு நடனம்" அப்படித்தான். ஒரு பெண் தீப்பிழம்புக்கு நடுவில் நிற்பதுபோலத் தெரியும். பின்னால் நிலைக்கண்ணாடிகளைச் சாய்த்து வைத்தால், ஒரு லோயி பல லோயி ஆவார்!

விளக்குப் பிடிக்கப் பல தொழிலாளர்கள் இருந்தார்கள். ஆடிக்கொண்டே அவர்களோடு பேச முடியுமா? குதிகாலால் தரையைத் தட்டுவார். அந்தத் தட்டுத்தான் அடையாளம். உடனே நிறம் மாறும்.

கோர்ட்டில் தோற்றவர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். ஆட்டத்துக்குத்தானே உரிமை இல்லை? கருவிக்கு உண்டே! கழி வைத்துத் தைத்த உடைக்கு, 1894 ஏப்ரல் மாதம் அமெரிக்க அரசிடம் "பேட்டண்டு" வாங்கினார். மேடைக் கண்ணாடிக்கும் விளக்கு அமைப்புக்கும் அதைப்போலவே வாங்கினார்.

கியூரி அம்மையாருக்குக் கடிதம்

அந்த நாளில் மேரி கியூரியும் அவர் கணவர் பியேரும் ரேடியத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். ரேடியம் இருட்டில் ஒளிவிடும் என்று லோயி கேள்விப்பட்டார். அதை உடையில் பூசிக்கொண்டால், விளக்கே இல்லாமல் வண்ணத்துப்பூச்சி பறக்குமே! உடனே கியூரி தம்பதிக்குக் கடிதம் எழுதினார்.

அது நடக்காத காரியம் என்று அவர்கள் பொறுமையாக விளக்கி எழுதினார்கள். நல்ல வேளை! ரேடியம் உடம்புக்கு எவ்வளவு கேடு என்பது அன்று உலகத்துக்குச் சரியாகத் தெரியாது.

லோயி நன்றி மறக்கவில்லை. ஒரு நாள், விளக்குக்காரர்களை அழைத்துக்கொண்டு கியூரி வீட்டுக்கே போனார். அந்தச் சிறிய வீட்டின் சாப்பாட்டு அறையில் விளக்கு மாட்டி ஆடிக் காட்டினார். பிறகு அவர்கள் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள்.

ஒளிவிடும் வேறு உப்புகளை லோயி தாமே ஆராய்ந்து, துணியில் பூசி, 1904-ல் "ரேடியம் நடனம்" ஆடினார். பெயரில்தான் ரேடியம், உடையில் ரேடியம் இல்லை!

கொடுத்த விலை

ஒவ்வோர் இரவும் பலத்த விளக்குகளின் நடுவே ஆடியதால், அவருடைய கண்கள் கெட்டன. ரசிகர்களின் கண்ணுக்கு விருந்து வைத்தவர், தம் கண்ணைக் காக்கக் கறுப்புக் கண்ணாடி போட வேண்டி வந்தது.

1900-ல் பாரிசில் உலகக் கண்காட்சி நடந்தது. அதில் லோயிக்கென்றே தனி அரங்கம் கட்டினார்கள். அங்கே தாம் மட்டும் ஆடவில்லை. ஜப்பான் நடிகை சடா யாக்கோவையும் அழைத்து மேடை ஏற்றினார்.

1928 ஜனவரி முதல் தேதி, பாரிசில் லோயி காலமானார்.

அவரைப் பார்த்து ஆடியவர்களின் தொல்லை இன்றுவரை தீரவில்லை. எடிசன் கம்பெனியாரும் லூமியேர் சகோதரர்களும் 1890-களில் எடுத்த பாம்பு நடனப் படங்கள் இன்றும் இருக்கின்றன. பலர் அவற்றைப் பார்த்து, இதுதான் லோயி என்று நினைக்கிறார்கள். அவற்றில் ஆடுகிறவர்கள் வேறு பெண்கள்!

அமெரிக்காவில் 1976-ல் வந்த சட்டம், நாட்டிய அமைப்புகளுக்கும் பதிப்புரிமை உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னது. லோயி தோற்று 84 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் காட்டிய வழியில் மேலும் பலர் வந்தார்கள். 1966-ல் நியூயார்க்கில், டிரிஷா பிரவுன் என்ற நாட்டியக் கலைஞர் ஒரு புதுமை செய்தார். படம் காட்டும் கருவியை முதுகில் கட்டிக்கொண்டு தனியாக ஆடினார். அதே நாட்டியத்தை அவர் ஆடிய படம் அந்தக் கருவியில் ஓடியது. அவர் திரும்பினால் படமும் திரும்பும். சுவரில் ஓடும், கூரையில் ஓடும், உட்கார்ந்திருப்பவர்கள் மீதும் ஓடும்! இன்று கம்ப்யூட்டரும் காமிராவும் ஆடுகிறவரின் அசைவைப் பின்தொடர்ந்து, திரையில் படம் வரைகின்றன. பார்க்க வந்தவர்கள் கையை அசைத்தால் மேடையில் நிறம் மாறும் நிகழ்ச்சிகளும் உண்டு.

கருவிகள் புதியவை. விஷயம் மட்டும் பழையது. பார்க்கிறவரும் சேர்ந்தால்தான் அந்த ஆட்டம் முழுமை ஆகும்.

சந்தேகமாக இருக்கிறதா? இன்று இரவு வீட்டிலேயே செய்து பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஒரு வெள்ளை வேட்டியின் மீது டார்ச் அடியுங்கள். வீட்டில் யாராவது அந்த வேட்டியை மெதுவாக வீசட்டும். என்ன தெரிகிறது என்று குழந்தைகளைக் கேளுங்கள்.

ஒரு குழந்தை மேகம் என்னும். இன்னொரு குழந்தை யானை என்னும். வேட்டி ஒன்றுதான்!