கூவலை மடலாக்கும் ஸ்விட்ச்

கல்லூரி நெட்வொர்க்கில் புதிதாக இணையும் மடிக்கணினி அனுப்பும் முதல் செய்தியில் அனுப்புநர் முகவரி 0.0.0.0 என்றிருக்கும். அதற்கு இன்னும் ஐபி முகவரி கிடைக்கவில்லை. முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. ஆகவே 255.255.255.255 என்று குறித்து, காதில் விழும் எல்லாருக்கும் பொதுவாக, "எனக்கொரு முகவரி வேண்டும்" என்று கூவுகிறது.

அந்தக் கூவல் தன் சப்நெட்டுக்குள் மட்டுமே கேட்கும். எல்லையில் இருக்கும் ரவுட்டர் அதை அப்பால் விடாது; விடவும் கூடாது. ஒவ்வொரு கருவியின் கூவலும் எல்லா இடத்துக்கும் பரவினால் நெட்வொர்க் இரைச்சலில் மூழ்கிவிடும். அதற்காக விடுதிக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று என்று சப்நெட்தோறும் சர்வர் வைத்துப் பராமரிப்பதோ பெரும்பாடு.

இதற்கு வழி 1985 செப்டம்பரிலேயே பிறந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பில் கிராஃப்டும் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜான் கில்மோரும், வட்டு இல்லாத கணினிகளுக்காக பூட்பி என்ற நெறிமுறையை எழுதினார்கள். அதன் செய்தியில் 'கேட்வே ஐபி அட்ரஸ்' என்று நான்கு பைட் இடம் ஒதுக்கினார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நான்கு பைட்தான்.

ரவுட்டிங் செய்யும் ஸ்விட்ச்சில் சர்வரின் முகவரியை நிர்வாகி முன்பே பதிந்து வைக்கிறார். சிஸ்கோ கருவிகளில் இதற்கான கட்டளை 'ஐபி ஹெல்பர் அட்ரஸ்'. கூவல் வந்ததும், அது எந்த சப்நெட்டிலிருந்து வந்ததோ அங்கே தனக்குள்ள முகவரியை, உதாரணமாக 10.20.0.1 என்பதை, ஸ்விட்ச் அந்த நான்கு பைட்டில் எழுதும். பிறகு பொதுக்கூவலை நேர் மடலாக்கி, சர்வரின் 67ஆம் போர்ட்டுக்கு அனுப்பும். இப்படி இடைநின்று கடத்தும் கருவிக்கு ரிலே என்று பெயர்.

சர்வருக்கு அந்த ஒரே எண் இரண்டு சேதி சொல்கிறது. பதிலை எங்கே அனுப்ப வேண்டும் என்பது ஒன்று. எந்த சப்நெட்டின் தொகுப்பிலிருந்து முகவரி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. அந்த சப்நெட்டுக்குத் தொகுப்பே இல்லையென்றால் சர்வர் பதில் தராது. தொகுப்பு இருந்தும் 10.20.0.1க்குப் போக வழி தெரியாவிட்டால் பதில் பாதியிலேயே தொலையும். மடிக்கணினிக்கு இரண்டும் ஒன்றுதான்: பதில் இல்லை.

1993இல் ரால்ஃப் டிரோம்ஸ் டிஎச்சிபியை வரையறுத்தபோது பூட்பியின் செய்தி வடிவத்தைப் பெரும்பாலும், 67, 68 போர்ட்டுகளை அப்படியேயும் வைத்துக்கொண்டார். அதனால் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்த ரிலேக்கள் மாற்றமின்றிப் புதிய நெறிமுறையையும் சுமந்தன. 2001இல் 82ஆம் ஆப்ஷன் வந்தது. கோரிக்கை ஸ்விட்ச்சின் எந்தப் போர்ட்டில் நுழைந்தது என்பதையும் ரிலே அதில் குறித்து அனுப்பலாம்.

முகவரி கிடைத்த பிறகு நடப்பது பலர் கவனிக்காதது. முகவரி குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகவே தரப்படுகிறது. குத்தகை 8 மணி நேரம் என்றால், வழக்கமாக 4ஆம் மணியில் கருவி புதுப்பிக்கக் கேட்கும். இப்போது முகவரி இருப்பதால் ரிலேயின் தயவின்றி சர்வருக்கே நேராக எழுதும். இடையில் ஒரு ஃபயர்வால் அதை மறித்தால் பயனருக்கு எதுவும் தெரியாது. 7ஆம் மணியில் கருவி மறுபடி பொதுவாகக் கூவும், ரிலே அதைப் பிடித்துக் கொண்டுசேர்க்கும், குத்தகையும் புதுப்பிக்கப்படும். நேர்வழி அடைபட்டிருப்பது சர்வரின் பதிவேட்டைப் பார்ப்பவருக்கு மட்டுமே புலப்படும்: புதுப்பித்தல்கள் எல்லாம் 4ஆம் மணியில் வராமல் 7ஆம் மணியில், அதுவும் ரிலே வழியாகவே வந்துகொண்டிருக்கும்.