கிராபிக்ஸ் கார்ட் வாங்குமுன்: வீட்டுக் கணினியில் விமானம் ஓட்ட விரும்புவோருக்கு

எங்கள் வயதுக்காரர் விமானச் சத்தம் கேட்டால் முதலில் தேடியது பங்கரைத்தான். 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் குண்டுகள் விழுந்தபோது உடுத்த உடுப்போடு ஓடிவந்த குடும்பங்களில் என் அக்காவின் குடும்பமும் ஒன்று. அதற்குப் பிறகு பிறந்த அவருடைய மகன் இன்று உயர்தரம் படிக்கிறான். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மேலால், சீனன்குடா விமானத்தளத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானம் போனால் அவன் முற்றத்துக்கு ஓடி அண்ணாந்து பார்க்கிறான். அக்கா இன்றும் உள்ளே போய்விடுவார்.

விமானியாக வேண்டும் என்பது அவனது ஆசை. வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழக ஒரு கிராபிக்ஸ் கார்ட் கேட்டான். கனடாவில் இருக்கும் அவனது சித்தி, மேலதிக நேரம் வேலை செய்து சேர்த்த காசில் கொஞ்சம் அனுப்பினார். அந்தக் காசில் ஒரு பகுதியை நான் கரியாக்கினேன். அதே பிழையை வேறு வீடுகளும் விடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். விமானம் எப்படிப் பறக்கிறது, காற்று எப்படி வீசுகிறது, வேறு விமானங்கள் எங்கே நிற்கின்றன என்பதையெல்லாம் கணக்கிடுவது கணினியின் புரொசசர். அந்தக் கணக்கை வாங்கித் திரையில் படமாக வரைவதுதான் கிராபிக்ஸ் கார்ட். ஒரு செக்கனுக்கு எத்தனை படம் வருகிறது என்பதே ஓட்டத்தின் அளவு. சுடும் விளையாட்டுகளுக்கு 60 படமாவது வேண்டும் என்பார்கள். விமானம் ஓட்ட 30 போதும். ஆனால் அது ஒரே சீராக வரவேண்டும்.

புரொசசர் கணக்கைப் பிந்திக் கொடுத்தால், எவ்வளவு விலையான கார்ட்டும் சும்மா காத்துக்கொண்டுதான் இருக்கும். வள்ளம் கரைக்கு வராதபோது வாடியில் ஆட்களைக் கூட்டி என்ன பயன்? விமான ஓட்டத்தில் இந்தச் சிக்கல் மற்ற விளையாட்டுகளை விட அதிகம். ஏனெனில் கணக்கின் பெரும்பகுதியை புரொசசரின் ஒரே ஒரு கோர் சுமக்கிறது.

எது பிந்துகிறது என்று பார்க்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போது திரையின் அளவை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறையுங்கள். வரையவேண்டிய புள்ளிகள் 20 இலட்சத்திலிருந்து 9 இலட்சமாகக் குறையும். ஓட்டம் நன்றாகக் கூடினால் கார்ட்தான் திணறியிருக்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் குறை புரொசசரில். விண்டோசின் டாஸ்க் மனேஜரிலும் பார்க்கலாம். கார்ட்டின் பாவனை 95 வீதத்துக்கு மேல் நின்றால் புதிய கார்ட் உதவும். 50, 60 வீதத்தில் நின்றால் கார்ட் வாங்கும் காசு வீண்.

புரொசசர் திணறினால் நில விபரங்களின் தூரத்தையும், விமான நிலையத்தில் தெரியும் மற்ற விமானங்களின் எண்ணிக்கையையும் குறையுங்கள். கார்ட் திணறினால் மேகம், நிழல், திரையளவு ஆகியவற்றைக் குறையுங்கள். பல வீடுகளில் இதுவே போதுமாக இருக்கும்.

அடுத்தது, எந்த மென்பொருள் என்பது. 2020 ஓகஸ்டில் வந்த மைக்ரோசொப்ட் பிளைட் சிமுலேட்டருக்கு ஆகக் குறைந்தது ஜிடிஎக்ஸ் 770 கார்ட்டும் 8 ஜிபி றாமும் வேண்டும். நன்றாக ஓட ஜிடிஎக்ஸ் 970 கார்ட்டும் 16 ஜிபி றாமும் என்று அந்நிறுவனம் சொன்னது. 2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்பில், முன்பு நன்றாக ஓடப் போதுமாயிருந்த 970 ஆகக் குறைந்த தேவையாகிவிட்டது. நன்றாக ஓட ஆர்டிஎக்ஸ் 2080 கார்ட்டும் 32 ஜிபி றாமும் கேட்கிறார்கள். எனவே புதியதுதான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் செலவு பல மடங்காகும். எக்ஸ்-பிளேன் 12 இன் சோதனைப் பதிப்பை இலவசமாக இறக்கிப் பார்க்கலாம். பிளைட்கியர் முழுவதும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். எதையும் வாங்குமுன் இந்த இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

இனி நான் விட்ட பிழை. எங்களிடம் இருந்தது அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட சிறிய கணினி. அதன் பவர் சப்ளை 240 வாட். நான் வாங்கியது பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060. அந்தக் கார்ட் மட்டுமே 170 வாட் இழுக்கும். அதற்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நான் வாசிக்கவில்லை. கடைக்காரர் வேறொரு வயரிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒரு மாற்றியைப் போட்டுத் தந்தார். மெனுவில் எல்லாம் சரியாக இருந்தது. ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது கணினி அணைந்தது. மூன்றாம் நாள் வயர் எரிந்த மணம் வந்தது. பவர் சப்ளையோடு கார்ட்டும் போயிற்று. மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. சித்திக்கு எப்படிச் சொல்வது என்று மட்டும் கேட்டான்.

ஆகவே கார்ட் வாங்கும் முன் கணினியின் மூடியைக் கழற்றி நான்கைப் பாருங்கள். பவர் சப்ளையின் பக்கத்தில் எழுதியிருக்கும் வாட் எவ்வளவு? கார்ட்டுக்கான 6 அல்லது 8 முள் செருகி அதில் உண்டா? கார்ட்டின் நீளத்துக்கு உள்ளே இடம் இருக்கிறதா? மதர்போர்ட்டில் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகிடம் இருக்கிறதா? சில அலுவலகக் கணினிகளில் வழக்கமான பவர் சப்ளை பொருந்தாது, அதையும் கவனியுங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற சில கார்ட்டுகள் செருகிடத்தின் 4 தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால், பழைய மதர்போர்ட்டில் அவற்றின் வேகம் குறையும்.

பாவித்த கார்ட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2022 செப்டெம்பர் 15 அன்று எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் கார்ட்டுகளைக் கொண்டு தோண்டும் முறையைக் கைவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்ட்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. கடையிலேயே அரை மணித்தியாலம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் கோடுகளோ நிறப் புள்ளிகளோ வந்தால், மின்விசிறி கரகரத்தால் விடுங்கள். எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள், செருகும் முனையில் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உப்புக்காற்று கார்ட்டையும் விடாது.

மின்வெட்டையும் மறக்கக்கூடாது. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் இருளில் இருந்தவர்கள் நாங்கள். யூபிஎஸ் பெட்டியில் 650 விஏ என்று இருந்தால் அது 650 வாட் அல்ல, பெரும்பாலும் 400 வாட்டுக்கும் குறைவு.

நாங்கள் கடைசியில் செய்தது இதுதான். முதலில் 8 ஜிபி றாம் இரண்டை ஒன்றாகப் போட்டு 16 ஆக்கினோம். ஒன்றைப் போடுவதைவிட இரண்டாகப் போட்டால் வேகம் கூடும். பிறகு எஸ்எஸ்டி வன்தட்டு. அதன்பின் அதே ரகத்தில் இன்னொரு பவர் சப்ளை எடுத்து, ஜிடிஎக்ஸ் 1650 கார்ட்டைப் போட்டோம். 75 வாட் மட்டுமே இழுப்பதால் அதன் பல மாதிரிகளுக்குத் தனி வயர் தேவையில்லை. நடுத்தர அமைப்பில் 2020 பதிப்பு 30 படத்தைத் தருகிறது. முதலில் வாங்கியதை விட விலையும் குறைவு.

பெற்றோர் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் ஓட்டும் மணித்தியாலங்கள் விமானி உரிமத்துக்குக் கணக்கில் வராது. சர்வதேச விதிப்படி தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் பொதுவாக 40 மணித்தியாலப் பறப்பு அனுபவமும் வேண்டும். மருத்துவப் பரிசோதனை, ஆங்கிலம், கணிதம், பௌதிகம் எல்லாம் தனி. கருவிகளை வாசிக்கவும் ஒழுங்குமுறைகளைப் பழகவும் கணினி உதவும், அவ்வளவுதான்.

போன மாதம் மருமகன் சீனன்குடாவில் கிளம்பி, கொட்டியாரக்குடாவைக் கடந்து சம்பூருக்கு மேலால் தாழப் பறந்தான். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். அந்த மென்பொருள் செய்மதிப் படத்தைப் பார்த்துத் தானாகவே வீடுகளை எழுப்புவது. எங்கள் காணி இருந்த பக்கத்தில் எங்களுடையதல்லாத ஒரு கூரை நின்றது. அக்கா அதைக் கனநேரம் பார்த்தார். பிறகு, "கிணறு இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் திருப்பு தம்பி" என்றார். விமானச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று அவர் எழுந்து உள்ளே போகவில்லை.