பாலுக்கு முன்னால் சூடு

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே, தமிழக–கேரள எல்லை மலைமுகட்டில் இருக்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். 2020 நவம்பரில் அதன் அருகே, பெரியாறு புலிகள் காப்பக வனக் காவலர்கள் சுமார் இரண்டு மாதப் பெண் புலிக்குட்டி ஒன்றைக் கண்டார்கள். கால்களில் வலுவில்லை. தாய் வருமா என்று காத்திருந்து, வராதபின்தான் தூக்கினார்கள். ‘மங்களா’ என்று பெயரிட்டு வளர்த்தார்கள்.

இரண்டு மாதக் குட்டிக்கே இவ்வளவு பாடு என்றால், பிறந்து ஓரிரு நாளேயான குட்டியின் நிலை இன்னும் கடினம். புலியோ காட்டுப்பூனையோ, பூனை இனத்துக் குட்டிகள் கண் மூடியே பிறக்கின்றன; திறக்க ஒன்றிரண்டு வாரமாகும். உடல் சூட்டைத் தாமாகக் காத்துக்கொள்ளவும் அவற்றால் முடியாது. எனவே முதல் தேவை பாலன்று, கதகதப்பு. குளிர்ந்து விறைத்த குட்டிக்குப் புகட்டும் பால் செரிக்காமல் தேங்கி உயிருக்கே உலை வைத்துவிடும்.

அடுத்தது பால். பூனை இனத்தின் தாய்ப்பாலில் பசும்பாலைவிடப் புரதமும் கொழுப்பும் அதிகம். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். பூனைக்குட்டிகளுக்கென்றே கிடைக்கும் பால்மாவைக் கரைத்து, இரவிலும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை புகட்ட வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்தக் கூடாது; பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புறக் கிடத்தி, தலையைச் சற்றே உயர்த்திப் பிடிப்பதே முறை. தாய் நக்கிவிட்டால்தான் பிஞ்சுக் குட்டிக்குச் சிறுநீரும் மலமும் வெளியேறும். அந்த வேலையை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சு செய்ய வேண்டும். தினமும் எடை பார்க்க வேண்டும். எடை ஏறவில்லையென்றால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இத்தனையும் செய்து பிழைக்க வைத்தாலும், வேட்டையாடக் கற்றுத்தரத் தாய் இல்லை. மனிதரைக் கண்டு அஞ்சாத விலங்குக்குக் காட்டில் வாழ்வும் இல்லை. மங்களாவுக்குத் தனி அடைப்பு அமைத்து வேட்டை பழக்க முயன்றார்கள். கண்புரை குறுக்கே வந்தது.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்பு வெட்டும்போது கிடைக்கும் சிறுத்தைக்குட்டிகளை, வனத்துறையினரும் மீட்புக் குழுவினரும் பரிசோதித்து, கிடைத்த இடத்திலேயே மாலையில் வைத்துவிடுகிறார்கள். இருட்டியதும் தாய் வந்து கவ்விச் செல்கிறது. கைவளர்ப்பைவிட இதுவே சிறந்த வழி.

தேனிப் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களிலும் வயல்களிலும் காட்டுப்பூனைகள் உண்டு. சோகைக்குள் குட்டிகளைக் கண்டால் தொடாதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கும். ஆட்களை விலக்குங்கள், நாயைக் கட்டிப்போடுங்கள், வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கும் கொடுமையும்கூட.