லிச்சிப் பயிருக்குக் கடன் வாங்கலாமா?

நம் சங்க அங்கத்தினர் ஒருவர், ஓர் ஏக்கர் நிலத்தில் லிச்சி பயிரிடக் கடன் கோரி மனுச் செய்திருந்தார். கோடையில் சென்னைக் கடைகளில் அப்பழம் நல்ல விலைக்குப் போவதைக் கண்டு எழுந்த ஆசை அது. மனுவைப் பரிசீலிக்கும் பொருட்டு, மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள அவருடைய நிலத்துக்கு நாம் சென்றோம். கடற்கரை மணல், ஒரு புறம் சவுக்குத் தோப்பு, கிணற்று நீரில் சிறிது உவர்ப்பு.

“வெயில் தாங்காது என்பீர்களோ, ஐயா?” என்று அவர் வினவினார்.

தடையாய் நிற்பது வெயில் அன்று. லிச்சிக்குப் பேர்போன பீகாரின் முசாபர்பூரிலும் கோடை வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடை எட்டுவதுண்டு. அவ்வட்டாரத்து ஷாகி லிச்சி 2018ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் அங்கே தை மாத இரவுகளில் வெப்பம் சுமார் 10 டிகிரிக்கு இறங்குகிறது. மழையும் அப்பொழுது அரிது. குளிரும் வறட்சியும் சேர்ந்து மரத்தை ஓய்வில் நிறுத்தினால்தான், அடுத்து வரும் துளிர் பூங்கொத்தாகிறது.

செங்கற்பட்டுச் சீமையிலோ ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை. தை இரவிலும் வெப்பம் 20 டிகிரி அளவிலேயே நிற்கிறது. ஈரமும் இளஞ்சூடும் கண்ட மரம் இலையாகத் தளிர்க்குமேயன்றிப் பூப்பது அரிது. உவர்நீரோ அதன் இலைகளைக் கருக்கிவிடும். தென்னாட்டில் லிச்சி காய்க்கும் இடங்கள் குடகு, வயநாடு போன்ற மலைப்பகுதிகளே.

விண்பதியக் கன்று காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருந்த பின்னரே மரம் பூக்காது என்பது தெரியவரும். பசுமையாய் நிற்கும் மரத்தைக் காட்டிக் கடன் தவணை கட்ட இயலுமா?

ஆகவே சிபாரிசு செய்ய இயலாமையை அவரிடமே தெரிவித்தோம். அவர் முகம் வாடியது. உவர்ப்பை ஓரளவு தாங்கும் சப்போட்டாவுக்கு மனுவை மாற்றி எழுதுமாறு வேண்டினோம். லிச்சியின் குடும்பத்து மரம் ஒன்றை நம் நெசவாளர் நன்கறிவர். பட்டுச் சேலையை அலசும் பூந்திக்கொட்டையைத் தரும் மரம் அது. நம் சமவெளி வெப்பத்தில் தடையின்றி வளர்வது. வேலியோரம் அதனையும் வைக்கலாம் என்றோம்.

லிச்சி ஆசையை அடியோடு விட வேண்டுவதில்லை. நல்ல நீர் கிடைக்கும் வீட்டுத் தோட்டத்தில், கைப்பணத்தில் இரண்டு கன்றுகள் நட்டுப் பார்க்கட்டும். பூத்தால் நமக்கு எழுதட்டும். புதுப்பயிருக்குக் கடன் கேட்க எண்ணும் மற்ற அங்கத்தினர்களும், அது கோடையைத் தாங்குமா என்று விசாரிப்பதோடு நில்லாது, எவ்வளவு குளிர் வேண்டும், எத்தகைய நீர் வேண்டும் என்பவற்றையும் முன்னரே கேட்டறிதல் நலம்.